இடைமுக வடிவமைப்புக்கு எந்த மென்பொருள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மென்பொருள் உருவாக்கம் குறித்துத் தாங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கோவையில் சிறு வணிகர்களுக்கான பில்லிங் செயலி ஒன்றை உருவாக்கும் நிறுவனத்தில் தயாரிப்பு மேலாளராகப் பணியாற்றுகிறேன். எங்கள் குழுவில் இரண்டு வடிவமைப்பாளர்கள், எட்டு நிரலாளர்கள், இரண்டு சோதனையாளர்கள், தமிழ் வாசகங்களை எழுதித் தரும் ஒருவர் இருக்கிறார்கள். செயலி தமிழிலும் ஆங்கிலத்திலும் இயங்குகிறது.

இதுவரை அடோபி நிறுவனத்தின் எக்ஸ்டி மென்பொருளில் செயலியின் இடைமுகத்தை, அதாவது பயனர் பார்க்கும் திரைகளை, வரைந்து வந்தோம். அதை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்துவிட்டது. மேக் வைத்திருக்கும் வடிவமைப்பாளர் ஸ்கெட்ச் போதும் என்கிறார். விண்டோஸில் வேலை செய்பவர், எல்லோரும் ஃபிக்மாவில்தான் இருக்கிறார்கள் என்கிறார். நிரலாளர்களில் சிலர், கட்டற்ற மென்பொருளான பென்பாட்டை நம் சர்வரிலேயே நிறுவிவிடலாம் என்கிறார்கள். நிர்வாகம் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்கிறது. வசதிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரித்தேன். அது நீண்டுகொண்டே போகிறதே தவிர முடிவு கிடைக்கவில்லை. எதை அடிப்படையாகக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்று தாங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நீங்கள் கொடுத்திருக்கும் எண்ணிக்கையிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் குழுவில் திரையை வரைபவர்கள் இருவர். வரைந்ததைத் திறந்து பார்த்து, அளவெடுத்து, நிரலாகவும் சோதனைப் பட்டியலாகவும் தமிழ் வாசகமாகவும் மாற்றுபவர்கள் 11 பேர். ஆனால் விவாதம் பெரும்பாலும் அந்த இருவரின் கணினியையும் பழக்கத்தையும் சுற்றியே நடக்கிறது. வரைவதற்கான வசதிகளில் இன்றுள்ள மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் பின்தங்கியவை அல்ல. திறமையான வடிவமைப்பாளர் எதற்கு மாறினாலும் விரைவில் கை பழகிவிடுவார். குழுவின் வேலை எவ்வளவு சீராக நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது, அந்த 11 பேருக்கும் அந்தக் கோப்பு எவ்வளவு தெளிவாகத் திறக்கிறது என்பதுதான். ஆகவே அட்டவணையின் முதல் கேள்வியாக அதை வையுங்கள். அந்த மென்பொருள் நாளை நின்றுபோனால் நம் கையில் என்ன மிஞ்சும் என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் விடை கண்டுவிட்டால் மற்ற வரிசைகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிடலாம்.

முதல் கேள்வியிலேயே ஸ்கெட்ச் உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். புகைப்படத் திருத்தத்துக்காக உருவான ஃபோட்டோஷாப்பில் பலரும் திரைகளை வரைந்து சிரமப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2010-இல் வெளிவந்து, இடைமுகத்துக்கென்றே ஒரு கருவி எவ்வளவு இலகுவாக இருக்க முடியும் என்று காட்டியது ஸ்கெட்ச்தான். இன்றும் நேர்த்தியான மென்பொருள் அது. ஆனால் திரையைத் திருத்துவதற்கு மேக் வேண்டும். மற்றவர்கள் உலாவியில் பார்க்கலாம், அளவுகளை எடுக்கலாம், கருத்து எழுதலாம். உங்கள் இரண்டு வடிவமைப்பாளர்களில் ஒருவர் விண்டோஸில் இருக்கிறார். தமிழ் வாசகம் எழுதுபவரும் விண்டோஸில் இருந்தால், ஒரு சொல்லை மாற்ற மேக் வைத்திருப்பவரிடம்தான் அவர் போய் நிற்க வேண்டும். குழு முழுவதும் மேக்கில் இயங்கும் நிறுவனமாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது கேள்வியை நிர்வாகம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் இந்தத் துறையின் அண்மை வரலாறு அதைக் கேட்கச் சொல்கிறது. திரை வடிவமைப்பாளர்கள் பெரிதும் விரும்பிய ஃபயர்வொர்க்ஸ் மென்பொருளின் வளர்ச்சியை அடோபி 2013-இல் நிறுத்தியது. அதே நிறுவனம் பின்னர் கொண்டுவந்த எக்ஸ்டியின் முதல் முழுப் பதிப்பு 2017-இல் வந்தது. 2023-இல் அதைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டு வெறும் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டார்கள். ப்ரோட்டோடைப்பை, அதாவது திரைகளின் இயங்கும் மாதிரியை, பகிர்வது என்றாலே இன்விஷன் என்று ஒரு காலம் இருந்தது. 2024 இறுதியோடு அதன் வடிவமைப்புச் சேவைகள் மூடப்பட்டன. ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் உள்ள போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் கிடைக்கும் வழி தெரியாததால் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டு, அடோபி 100 கோடி டாலரை ஃபிக்மாவுக்குக் கொடுக்க நேர்ந்தது. 2025 ஜூலையில் ஃபிக்மா நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அது இப்போது உறுதியான நிலையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் விலையும் கொள்கையும் பங்குதாரர்களின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நகரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்மாவையும் பென்பாட்டையும் ஒப்பிடுவதற்கு அட்டவணையைக் கைவிட்டு, உங்கள் செயலியிலிருந்து ஒரே ஒரு திரையை எடுத்து இரண்டிலும் வரைந்து பாருங்கள். வாடிக்கையாளரின் நிலுவைப் பட்டியலைக் காட்டும் திரை இதற்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன். அதில் எண்களும் நீண்ட பெயர்களும் பொத்தான்களும் பிழைச் செய்திகளும் ஒன்றாக வருகின்றன. முதலில் தமிழில் வரையச் சொல்லுங்கள்; ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுத் தமிழைப் பிறகு நிரப்பும் வழக்கத்தால் எவ்வளவோ வேலை இரட்டிப்பாகிறது.

ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் ‘ரீட்ரை’ என்று முடிந்துவிடும் பொத்தான், தமிழில் ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று நீள்கிறது. பொத்தானை நிலையான அகலத்தில் ஒரு செவ்வகமாக வரைந்திருந்தால் எழுத்து வெளியே வழியும். உள்ளே இருக்கும் வாசகத்துக்கு ஏற்ப விரியும்படி அமைத்திருந்தால் பொத்தான் தானே நீளும். பக்கத்தில் இருப்பது தானே நகரும். ஃபிக்மாவில் ஆட்டோ லேஅவுட்டும் பென்பாட்டில் ஃப்ளெக்ஸ் லேஅவுட்டும் இதற்காகவே இருக்கின்றன. ‘பதிவிறக்கப்பட்டுள்ளது’ போன்ற ஒற்றைச் சொல், இடையில் உடைக்க முடியாமல், குறுகிய பத்தியில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ‘மூ’, ‘ளு’ போன்றவை கீழே இறங்குகின்றன. ‘கி’, ‘டீ’ போன்றவை மேலே எழுகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்கு நெருக்கமாகிவிடும். தலைப்புகளுக்கு எழுத்திடைவெளி கொடுத்திருந்தால் ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கின்றனவா என்று உற்றுப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, கேடமரன் ஆகிய எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடத்தில் பயன்படுத்தும் எழுத்துருவையே செயலியிலும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கைபேசியும் தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவைக் காட்டும். நீங்கள் அளந்து வைத்த இடைவெளிகள் பயனற்றுப் போகும்.

இந்தத் திரையை வரைந்து முடித்தவுடன் வடிவமைப்பாளர்களை விலகி இருக்கச் சொல்லுங்கள். அதுவரை அதைப் பார்த்திராத ஒரு நிரலாளரிடம் இணைப்பை அனுப்பி, யாரிடமும் எதையும் கேட்காமல் அந்தத் திரையை உருவாக்கித் தரச் சொல்லுங்கள். பொத்தானைத் தொட்டால் உள்ளிடைவெளி தெரிகிறதா, நிறம் வெறும் எண்ணாகத் தெரிகிறதா அல்லது நீங்கள் அதற்கு வைத்த பெயரோடு தெரிகிறதா, பட்டியல் காலியாக இருக்கும்போதும் இணையம் அறுந்தபோதும் திரை எப்படி இருக்க வேண்டும் என்பது கிடைக்கிறதா என்று அவர் குறித்துவைக்கட்டும். தமிழ் வாசகம் எழுதுபவர் தானே ஒரு சொல்லைத் திருத்திப் பார்க்கட்டும். சோதனையாளர் ஒரு கருத்தைப் பதிந்து, அது உரியவரை அடைகிறதா என்று பார்க்கட்டும். இவர்கள் மூவரும் எங்கெங்கே தடுமாறினார்கள் என்ற குறிப்பே உங்களுக்கு வேண்டிய ஒப்பீடு.

இந்தச் சோதனையில் பென்பாட்டுக்கு உண்மையான பலம் ஒன்று இருப்பதை உங்கள் நிரலாளர்கள் உணர்வார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த குழு ஒன்று உருவாக்கிவரும் அது, தொடக்கத்திலிருந்தே எஸ்விஜி (படங்களுக்கானது), சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்துக்கானது) போன்ற திறந்த தரங்களை ஒட்டி வளர்ந்திருக்கிறது. ஃப்ளெக்ஸ், கிரிட் என்று நிரலில் அவர்கள் எழுதும் அதே பெயர்களும் அதே நடத்தையும் வரைபடத்திலும் இருப்பதால் இடையில் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. அளவுகளையும் சிஎஸ்எஸ்ஸையும் எடுத்துப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஃபிக்மாவில் வெறுமனே பார்ப்பவருக்குக் கட்டணம் இல்லை என்றாலும், நிரலாளர்கள் அளவுகளை எடுத்துப் பார்ப்பதற்கான டெவ் மோட் 2023-இல் அறிமுகமாகி, 2024-இன் தொடக்கத்திலிருந்து கட்டண இருக்கைக்கு (ஆளுக்கு ஒன்றாக வாங்கும் உரிமத்துக்கு) உரியதாகிவிட்டது. எட்டு நிரலாளர்கள் என்னும்போது இது சிறிய தொகை அல்ல. ஆனால் எட்டு பேருக்கும் அது வேண்டுமா என்று கேளுங்கள். முகப்புப் பகுதியை எழுதும் இருவரோ மூவரோதான் நாள்தோறும் அளவெடுப்பவர்களாக இருப்பார்கள்.

பென்பாட்டை உங்கள் சர்வரிலேயே நிறுவலாம் என்பதும் உண்மைதான். டாக்கர் (சர்வரில் மென்பொருள்களை நிறுவ உதவும் கருவி) தெரிந்த ஒருவர் அதை அதிகச் சிரமம் இல்லாமல் நிறுவிவிடுவார். பிறகு வரும் ஒவ்வொரு பதிப்பையும் ஏற்றுவது, தரவுத்தளத்தைக் காப்பெடுப்பது, காப்பெடுத்ததை மீட்க முடிகிறதா என்று சோதிப்பது, வடிவமைப்பாளர் வேலை செய்துகொண்டிருக்கும்போது சர்வர் மெதுவானால் ஏன் என்று பார்ப்பது ஆகியவை யாருடைய பொறுப்பு என்பதைப் பெயர் குறிப்பிட்டு எழுதிவிட்டுத்தான் அந்த முடிவை எடுக்க வேண்டும். உரிமக் கட்டணம் இல்லை என்று நிர்வாகத்திடம் சொல்லும்போது அந்த நபரின் மணிநேரங்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் குழு இப்போதிருக்கும் நிலையில் நான் ஃபிக்மாவைத் தேர்ந்தெடுப்பேன். விண்டோஸ், மேக் என்ற வேறுபாடு இல்லாமல் உலாவியிலேயே இருவரும் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். புதிதாக வேலைக்கு வரும் வடிவமைப்பாளருக்குப் பெரும்பாலும் அது தெரிந்திருக்கும். பில்லிங் செயலியின் திரைகளில் வெளியே போகக்கூடாத ரகசியம் எதுவும் இல்லை. மருத்துவப் பதிவுகளோ அரசுப் பணியோ உங்கள் வேலையாக இருந்து, வரைபடங்கள் உங்கள் வளாகத்தை விட்டு வெளியேறக்கூடாது என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், தயங்காமல் பென்பாட்டைச் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஃபிக்மாவின் கோப்பு வடிவம் வெளியார் பிரித்துப் படிப்பதற்காகத் திறந்துவைக்கப்பட்டது அல்ல. ஸ்கெட்ச் 2017-இலேயே தன் கோப்பை, யாரும் பிரித்துப் படிக்கக்கூடிய ஜேசன் என்னும் உரைக் கோப்புகள் அடங்கிய ஜிப் பொதியாக மாற்றிவிட்டது. ஃபிக்மா அப்படிச் செய்யவில்லை. ஆகவே நீண்ட காலம் நிலைக்க வேண்டியவற்றை அதற்கு வெளியே வையுங்கள். நிறங்கள், எழுத்தளவுகள், இடைவெளிகள் ஆகியவை பெயரோடு ஒரு ஜேசன் கோப்பில், நிரலும் அதன் மாற்றங்களும் சேமிக்கப்படும் அதே கிட் களஞ்சியத்தில் இருக்கட்டும். டிசைன் டோக்கன்கள் எனப்படும் இத்தகைய பெயரிட்ட மதிப்புகளுக்கென்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சமூகக் குழு ஒன்று பொது வடிவம் வகுத்திருக்கிறது, அதையே பின்பற்றலாம். தமிழ், ஆங்கில வாசகங்கள் அனைத்தும் அதே களஞ்சியத்தில் இருக்கட்டும். வரைபடத்தில் இருப்பது அவற்றின் நகலாக இருந்தால் போதும். ஏன் இப்படி ஒரு திரையை அமைத்தோம் என்ற காரணங்களைக் கருத்துப் பெட்டிக்குள் புதைக்காமல் உங்கள் ஆவணங்களில் எழுதிவையுங்கள். இவ்வளவும் வெளியே இருந்தால், மீண்டும் ஒருமுறை மாற நேர்ந்தாலும் திரைகளை மட்டும்தான் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

எக்ஸ்டி கோப்புகளைப் பொறுத்தவரை, அவை திறக்கும் கணினி ஒன்று கையில் இருக்கும்போதே எல்லாத் திரைகளையும் பிடிஎஃப் ஆகவும், சின்னங்களையும் படங்களையும் எஸ்விஜி ஆகவும் ஏற்றுமதி செய்து காப்பகத்தில் போட்டுவிடுங்கள். பழைய திரைகள் அனைத்தையும் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்ல முயல வேண்டாம். பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, பட்டியல் வரிசை, பிழைச் செய்தி ஆகிய, பல திரைகளிலும் திரும்ப வரும் பாகங்களை (காம்போனென்ட்களை) முதலில் புதிதாக வரையுங்கள். அதன் பிறகு எந்தத் திரையில் மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறதோ அந்தத் திரையை மட்டும் அப்போது மாற்றுங்கள். ஃபிக்மாவில் கணக்கு தொடங்கும் நாளன்றே, யாருடைய இருக்கையையும் கட்டண இருக்கையாக உயர்த்தும் அதிகாரம் உங்களிடமும் இன்னொருவரிடமும் மட்டும் இருக்கும்படி அமைத்துவிட்டு, முதல் சில மாதங்களுக்கு மாதச் சந்தாவிலேயே இருங்கள். எத்தனை பேருக்கு உண்மையில் எந்த இருக்கை தேவைப்படுகிறது என்பது தெரிந்த பிறகு, ஆண்டுக் கட்டணத்துக்கான எண்ணை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கலாம்.

அன்புடன்.