இமயமலை மேப்பிள் கடலூரில் வளருமா?

கேள்வி: டேராடூனில் பணிபுரியும் என் தம்பி, மேப்பிள் விதைகள் என்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். விதைகள் இரண்டிரண்டாக ஒட்டி, தட்டானின் இறக்கையோடு இருக்கின்றன. ஆனால் அவன் காட்டிய படத்தில் இலைகள், கனடா நாட்டுக் கொடியில் உள்ளதுபோல் பிரிந்திராமல், மாவிலைபோல் நீண்டிருக்கின்றன. இது மேப்பிள்தானா? 2011-இல் தானே புயலில் சாய்ந்த எங்கள் பலா நின்ற இடத்தில் வைக்கலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மேப்பிள்தான். இம்மரத்தை இலையைக் கொண்டு அறிய முயன்றால் ஏமாந்துபோவோம். காயைத்தான் பார்க்க வேண்டும். தாங்கள் விவரித்த இறக்கை விதைகள் பழுத்தபின் தனித்தனியே பிரிந்து, சுழன்றபடி மெல்ல இறங்குவதால், தாய் மரத்தின் நிழலைத் தாண்டி அவற்றைக் கொண்டுசேர்க்கக் காற்றுக்கு நேரம் கிடைக்கிறது. இலைகள் கிளையில் எதிரெதிராக அமைந்திருப்பதையும் படத்தில் கவனியுங்கள்.

தாங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘ஏசர் ஆப்லாங்கம்’ என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வாலிச் இட்ட பெயரில் 1824-இல் நூலேறிய இம்மரம், காஷ்மீரிலிருந்து நேபாளம் வழியே சீனா வரை, பெரும்பாலும் 2,000 மீட்டருக்குக் கீழான மலைச்சரிவுகளில் வளர்கிறது. இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும். பெரும்பாலும் பசுமை மாறாத மரமாதலால், படங்களில் நாம் வியக்கும் இலையுதிர்காலச் சிவப்பை இதில் எதிர்பார்க்க முடியாது. மாந்தளிரைப் போல இதன் தளிர்தான் செம்புநிறத்தில் மின்னும். எனக்கு அந்த அழகே போதும் என்று தோன்றுகிறது.

ஆனால் குளிர்ந்த மலைக்காற்றில் வளரும் மரம், கடலூரின் கத்திரி வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கி ஓங்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. பலா நின்ற இடத்தை இதற்குக் கொடுக்க வேண்டாம். அங்கே கடற்கரைக்கே உரிய புன்னையை வையுங்கள். சிவந்த இலைதான் வேண்டுமென்றால், உதிருமுன் இலை சிவக்கும் நாட்டு வாதுமை இருக்கவே இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் அதைப் பார்க்காதவர் குறைவு.

அதற்காகத் தம்பி அன்போடு சுமந்துவந்த விதைகளை வீணாக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. மேப்பிள் இனங்கள் பலவற்றின் விதைகள் ஈரக்குளிரில் சில வாரங்கள் கிடந்த பிறகே முளைக்கும் என்பதால், பாதியை ஈர மணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மாதம் வைத்திருந்து, மார்கழியில் தொட்டியில் ஊன்றிப் பாருங்கள். மீதியை இப்போதே ஊன்றலாம். முளைத்தால் மதிய வெயில் படாத கிழக்குத் தாழ்வாரத்தில், நீர் தேங்காத மண்ணில் வளருங்கள்.