தெற்காசியவியல் பேராசிரியர்களின் பணிகள்: ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரின் கேள்வி பதில்

அடையாறு வாசகர்: இத்துறையில் அண்மையில் நமக்குக் கிடைத்த சிறப்பு எது?

உங்கள் பகுதியிலேயே இருக்கிறது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி, 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதை ஒட்டி மூண்ட திருநெல்வேலி எழுச்சியைப் பற்றித் தமிழிலேயே எழுதிய நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருதுச் செய்தியோடு நின்றுவிடாமல் நூலையும் திறந்து பாருங்கள். இன்று இதைப் பலமுறை சொல்ல நேரும் என்று நினைக்கிறேன்.

தாம்பரம் மாணவி: ஐயா, உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையை ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் மறுபடியும் பதிப்பித்தது எதற்காக?

நல்ல கேள்வி. குறுந்தொகையை முதலில் அச்சேற்றியவர் சௌரிப்பெருமாள் அரங்கன், 1915-இல்; உ.வே.சா.வின் உரையோடு கூடிய பதிப்பு 1937-இல் வந்தது. உ.வே.சா. தாம் கண்ட வேறு பாடங்களைப் பக்கத்தின் அடியில் 'பி-ம்.' (பிரதிபேதம்) என்று குறித்தார்; ஆனால் அந்தப் பாடம் எந்தச் சுவடியில் உள்ளது என்பதைப் படிப்பவர் அதிலிருந்து அறிய முடியாது. நீங்கள் கேட்ட ஜெர்மானியப் பேராசிரியர் எவா வில்டன் 2010-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பில், கிடைத்த சுவடிகளையெல்லாம் ஒப்பிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் சுவடியைக் குறியீட்டால் சுட்டியிருக்கிறார். அவர் பயன்படுத்திய சுவடிகளில் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்தின் சுவடிகளும் அடக்கம்.

மயிலாப்பூர் வாசகர்: தாத்தாவின் உழைப்பைக் குறைத்துப் பேசுகிறீர்கள்.

இல்லை. அவர் சேர்த்துவைத்த சுவடிகள் இல்லாவிட்டால் புதிய பதிப்பே இல்லை. பொருள் விளங்க இன்றும் நான் முதலில் எடுப்பது 1937-ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான்; ஒரு சொல்லின் மேல் ஐயம் எழுந்தால் மட்டுமே 2010-க்குப் போகிறேன்.

அண்ணா நகர் வாசகர்: வெளிநாட்டார் சான்றிதழ் கொடுத்தால்தான் தமிழுக்குப் பெருமையா?

இந்த வழக்கு எல்லாக் கூட்டத்திலும் எழுகிறது. அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஹார்ட் தமிழ் செம்மொழி என்று 2000-இல் எழுதிய கடிதத்தைச் சான்றிதழாகப் படிப்பவர்களே இங்கு அதிகம். அவர் அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஹாங்க் ஹைஃபெட்ஸுடன் புறநானூற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். மூலத்தோடு பல்லாண்டுகள் பழகிய ஒருவரின் வாதம் என்பதால்தான் அக்கடிதத்துக்கு எடை. 2004-இல் அரசு அறிவிப்பு வந்தது. கடிதத்தைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த மொழிபெயர்ப்பைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதே என் கேள்வி.

மயிலாப்பூர் வாசகர் (மீண்டும்): அப்படியானால் மொழிபெயர்ப்பே போதும் என்கிறீர்களா?

ஒருபோதும் இல்லை. ஆங்கில வரியை மேற்கோள் காட்டுமுன் தமிழ் வரியைப் பக்கத்தில் வையுங்கள்.

வேளச்சேரி, போரூர், குரோம்பேட்டை வாசகர்கள்: ஹார்வர்ட் தமிழ் இருக்கை என்ன ஆயிற்று?

மூவருக்கும் ஒரே பதில். தமிழக அரசின் 10 கோடி ரூபாயும் உலகத் தமிழரின் நன்கொடையும் சேர்ந்து நிதி நிறைந்தது. ஐங்குறுநூற்றை ஆங்கிலத்தில் தந்த மார்த்தா ஆன் செல்பி அந்த இருக்கையில், அதாவது அந்தப் பேராசிரியர் பதவியில், அமர்ந்தார். நான்காவது முறை யாரும் கேட்க வேண்டாம்.

திருவல்லிக்கேணி வாசகி: ஆய்வாளர் கச்சேரி செய்தால் அதைச் சாதனைக் கணக்கில் சேர்க்கலாமா?

தாராளமாக. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயின்று, பிறகு அங்கேயே கற்பித்த ஜான் ஹிக்கின்ஸ், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி டி. விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்று, சென்னை ரசிகர்களால் 'பாகவதர்' என்றே அழைக்கப்பட்டார். பரதநாட்டிய இசை அவருடைய ஆய்வுப் பொருள். 1984-இல், நடுவயதிலேயே, விபத்தில் இறந்தார். அவருடைய குருவான விஸ்வநாதனும் வெஸ்லியனில் பல ஆண்டுகள் கற்பித்தவரே. 1992-இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது அவருக்குக் கிடைத்தது. கட்டுரை எழுதியவர் ஆய்வாளர், பாடியவர் கலைஞர் என்று பிரிப்பது நம் அலுவலகக் கோப்புகளின் வசதிக்காக ஏற்பட்ட பழக்கம். குருகுலத்தில் அந்தப் பிரிவினை இருந்ததில்லை.

பெரம்பூர் வாசகர்: விருது பெற்றவர்களின் முழுப் பட்டியலை அனுப்ப முடியுமா?

முடியாது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய், பட்டியலுக்குப் பதிலாக அவர்களில் ஒருவருடைய நூலைக் கேட்டு வாங்கி, ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து படியுங்கள்.