கடிகார முள் ஏன் நின்று நகர்கிறது?

கேள்வி: சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தால் விநாடி முள் முதலில் நின்றுவிட்டு நகர்வதுபோல் தெரிகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியில் இடக்கண், வலக்கண் என்று மாறி மாறிப் பார்த்தாலும் கண் அசைவது தெரியவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் ‘கண் அசைவில் குறை’ என்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இந்த இரண்டும் எனக்கும் உண்டு, அந்த மையத்துக்காரருக்கும் உண்டு.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். கண் கூர்மையாகப் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த நகமளவு இடத்தைத்தான். மிச்சத்தைப் பார்க்க அது விநாடிக்கு சுமார் 3 தடவை தாவுகிறது. தாவும் நேரத்தில் மூளை பார்வையை மட்டுப்படுத்திவிடும். கண்ணுக்குப் போடும் உத்தரவின் நகல் ஒன்றும் பார்வைப் பகுதிக்குப் போவதால், அசைந்தது கண்தான் என்று அதற்குத் தெரியும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணின் ஓரத்தை இமைமேல் லேசாக அழுத்தினால் அறையே ஆடும். உத்தரவில்லாத அசைவு அது. கடிகாரத்திலும் இதே கணக்குதான். தாவிய இடைவெளியையும் முள்ளின் கணக்கில் மூளை சேர்த்துவிடுவதால் முதல் விநாடி நீள்கிறது. செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள், உங்கள் கண் ஓடுவது தெரியும்.

கண்ணாடி முன் உட்காரவைத்து ‘அசைவு தெரிகிறதா?’ என்றால் யாருக்குத் தெரியும்? தோற்பதற்கென்றே வைத்த பரீட்சை. இதற்குப் பணம் கட்டினால் அடுத்து வேக வாசிப்பு வகுப்பு, அப்புறம் நீல ஒளி தடுக்கும் கண்ணாடி என்று வரிசையாக வரும். உங்களைக் குறை சொல்லவில்லை. டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருப்பவரை, கண் மருத்துவமனைகளில் நாங்கள் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, பவர் எழுதி இரண்டே நிமிடத்தில் அனுப்புகிறோம். கேள்வி கேட்க நாங்கள் இடம் கொடுத்தால் இந்தக் கடைகள் முளைக்குமா?

ஒன்று மட்டும் வேறு. நடக்கும்போது கடைப் பலகை எழுத்து குலுங்கி, நின்றால் அதுவும் நின்றுவிடுகிறதா? தலை ஆடினாலும் பார்வையை நிலையாக வைத்திருப்பது உட்காதின் சமநிலை உறுப்பு. அது பழுதானால் இப்படி வரும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டவர்களில் சிலருக்கு வருவதுண்டு. கிட்னி சரியில்லாதவர்களுக்கு ஆபத்து கூடுதல். காது நன்றாகவே கேட்கலாம். உட்கார்ந்து படித்தால் பார்வை 6/6, அதாவது இயல்பு என்றே வரும், ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்றுவிடுவார்கள். போகாதீர்கள். இருட்டில் தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு காது-மூக்கு-தொண்டை மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். உட்கார்ந்ததும் ‘நடந்தால்தான் ஆடுகிறது’ என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.