சிங்கப்பூரில் வேலைக்குத் திரும்பிய பின் தாய்ப்பால் எடுக்க ஏற்ற இடத்தை எப்படித் தேடினீர்கள்?

கேள்வி கேட்ட சகோதரி தம் நிலைமையை இப்படி விவரித்திருக்கிறார்: மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. பழைய கட்டடத்தில் இயங்கும் சிறிய நிறுவனம். கூட்ட அறைகள் எல்லாம் கண்ணாடிச் சுவர் கொண்டவை. பாலூட்டும் அறை என்று தனியாக எதுவும் இல்லை. மேலாளரோ, கழிவறையிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்கிறார். எங்கே போவது, எடுத்த பாலை எம்ஆர்டி ரயிலில் எப்படி வீட்டுக்குக் கொண்டுவருவது என்பது இவருடைய கேள்வி.

முதலில் கழிவறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒரு வாரம்தானே, வேறு ஏற்பாடு செய்யும் வரை பொறுத்துக்கொள்வோம் என்று கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் ஒப்புக்கொண்டேன், இரண்டு வாரம் அங்கேதான் பால் எடுத்தேன். என் மகளுக்கு அப்போது நான்கு மாதம். தஞ்சோங் பகார் பக்கத்தில் ஏறக்குறைய முப்பது பேர் வேலை செய்த கணக்கியல் அலுவலகம் அது. உடற்குறையுள்ளோருக்கான கழிவறை கொஞ்சம் விசாலமாக இருந்ததால் அதைக் காட்டினார்கள். அங்கே மின்செருகி கிடையாது. மூடியை இறக்கி அதன் மேல் அமர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் துண்டு விரித்து, அதில் புட்டியையும் மூடியையும் வைப்பேன். அடுத்த அறையில் கை உலர்த்தும் இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். யாராவது கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார்கள். உண்மையிலேயே அந்த இடம் தேவைப்படும் ஒருவர் வெளியே காத்திருக்கிறாரோ என்ற எண்ணம் வந்துவிட்டால், அதன் பிறகு ஒரு சொட்டும் இறங்காது. வீட்டில் ஒரு வேளைக்கு 120 மில்லி வந்த எனக்கு இரண்டாம் வாரத்தில் 50 மில்லி தேறுவதே பெரும்பாடாக இருந்தது. பால் வற்றிவிட்டது என்று நினைத்து அழுதேன். வற்றவில்லை, அமர்ந்த இடம்தான் சரியில்லை.

இதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. மேலாளரிடம் பேசும்போதும் இது உங்களுக்கு உதவும். பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். சுரந்த பாலை வெளியே இறக்கிவிடுவது ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன். பதற்றம், கூச்சம், யாராவது வந்துவிடுவார்களோ என்ற அச்சம் ஆகியவை ஆக்சிடோசினைத் தடுக்கும் என்பதால், மார்பில் பால் இருந்தும் பம்பில் வராது. மேலும், மார்பு நிறைந்தபடியே நெடுநேரம் இருந்தால், இவ்வளவு தேவையில்லை போலும் என்று உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் கட்டிக்கொண்டு வலியெடுத்து, சிலருக்குக் காய்ச்சலும் வரும். ஆகவே உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு வேண்டும் என்று கேட்பதைச் சலுகை கேட்பதாக எண்ண வேண்டாம். அந்தப் பூட்டு இல்லாவிட்டால் பம்ப் இருந்தும் பயன் குறைவு.

இனி உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே தேடுவோம். எனக்கு வழி காட்டியவர் அங்கே பத்தாண்டுக்கு மேல் வேலை செய்த ஒரு தமிழ் அக்கா. ஒரு நாள் மதியம் பேன்ட்ரியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பழைய கோப்பு அடுக்கி வச்சிருக்கிற ரூம் இருக்கே, அதைக் கேட்டுப் பார்த்தியா?" என்றார். "அது ஸ்டோர் ரூமாச்சே, தருவாங்களாக்கா?" என்றேன். "கேட்டாத்தானே தெரியும். சாவி எங்கிட்டதான் இருக்கு, வா" என்று அப்போதே கூட்டிப் போனார். ஜன்னலில்லாத குறுகிய அறை. மூன்று பக்கமும் அட்டைப்பெட்டிகள். ஆனால் கதவை உள்ளிருந்து தாழிட முடிந்தது, சுவரில் மின்செருகி இருந்தது, நாற்காலி போட இடமும் இருந்தது. அன்று அங்கே ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்: எந்த இடத்தைக் காட்டினாலும் கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே நடப்பவரின் நிழல் தெரிகிறதா, குளிர் அளவுக்கு மீறி இருக்கிறதா, கூரையில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கேமராவைக் கட்டாயம் பாருங்கள். பொருள் வைக்கும் அறைகளிலும் கணினிச் சேவையக அறைகளிலும் அதைப் பொருத்துவது வழக்கம்.

கண்ணாடிக் கூட்ட அறைதான் கிடைக்கும் என்றால் அதையும் தள்ளிவிட வேண்டாம். உள்பக்கம் பால்நிறப் படலம் ஒட்டி, சிறிய தாழ்ப்பாள் ஒன்று வைத்துவிட்டால் அது நல்ல அறைதான். ஆனால் நாள்காட்டியில் உங்கள் நேரம் நிரந்தரமாகப் பதிவாகியிருக்க வேண்டும். நான் காலை 10.30, பிற்பகல் 1.30, மாலை 4.30 என்று மூன்று வேளைகளைப் பதிந்து வைத்தேன். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் எடுப்பதற்கு, ஐந்து நிமிடம் எடுத்து வைப்பதற்கு. அறை இருந்தும் நேரம் பதியாததால் கூட்டம் நீண்டு, சட்டை நனைந்து, வாய் திறந்து சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்த தோழிகள் எனக்கு உண்டு.

சிங்கப்பூரில் பால் எடுப்பதற்கென்று வேலை நேரத்தில் இடைவேளை தரவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. இந்தியச் சட்டத்தில் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு என்பதால், அங்கிருந்து வேலைக்கு வந்தவர்கள் இங்கும் அப்படி இருக்கும் என்று நம்பியிருப்பார்கள். இங்கே பேச்சில்தான் பெற வேண்டும். கட்டட, கட்டுமான ஆணையத்தின் அணுகல்வசதி விதித்தொகுப்பு பெரிய புதிய அலுவலகக் கட்டடங்களில் பாலூட்டும் அறை அமைக்கச் சொல்கிறது; உங்களுடையதைப் போன்ற பழைய கட்டடங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆயினும் உங்கள் கட்டட நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். வேறொரு மாடியில் பொதுவான அறை இருந்தும் வாடகைக்கு இருக்கும் நிறுவனங்களுக்கே அது தெரியாமல் இருப்பதுண்டு.

மேலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதுவும் வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே. நான் அனுப்பியது ஏறத்தாழ இதுதான்: "குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்து வருவதால், வேலை நேரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து நிமிடம், பூட்டக்கூடிய ஓர் அறை எனக்குத் தேவை. கழிவறை சுகாதாரக் காரணங்களால் பொருந்தாது. கோப்பு அறையைப் பயன்படுத்த அனுமதி கோருகிறேன். இதனால் என் வேலை எதுவும் தாமதமாகாதபடி பார்த்துக்கொள்வேன்." குறை சொல்லும் வரி அதில் இல்லை, எந்த அறை, எவ்வளவு நேரம் என்பது மட்டும் திட்டவட்டமாக இருந்தது. அனுமதி மறுநாளே வந்தது.

அலுவலகத்துக்குள் எதுவும் அமையாவிட்டால் வெளியே பார்க்கலாம். பெரும்பாலான பெரிய கடைத்தொகுதிகளில் பாலூட்டும் அறை உண்டு. வாரநாள் காலையில் அவை காலியாகவே இருக்கும், பள்ளி விடுமுறையில் மட்டும் வரிசை நிற்கும். கைப்பேசிச் செயலி வழியாகத் திறக்கும் தனிச்சிற்றறைகளையும் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நடக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம் என்றால் மூன்று வேளைக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நடையிலேயே போய்விடும். அதை எந்த முதலாளியும் நெடுநாள் பொறுக்கமாட்டார், உங்கள் உடம்பும் பொறுக்காது. மதிய வேளைக்கு மட்டும் வெளியே, மற்ற இரண்டும் உள்ளே என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கடைகளில் நின்று வேலை செய்பவர்களின் பாடு இன்னும் கடினம். லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் வேலை செய்த என் தோழிக்குக் கதவுள்ள இடமே இல்லை. மேல்மாடிச் சரக்கறையின் ஒரு மூலையில் சேலைத் திரை கட்டி, மற்றொரு பெண் காவலுக்கு நிற்க, இரண்டு வேளை பால் எடுத்தார். அவர் அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களிலேயே 2015 முதல் பாலூட்டும் அறை இருக்கிறதே, அவ்வளவு பெரிய ஊரில் உனக்கு ஒரு கதவு இல்லையா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன்.

கையால் பிடிக்கத் தேவையில்லாமல் உள்ளாடைக்குள் பொருத்தும் பம்ப் இருந்தால் இடமே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கும் மெல்லிய ஓசை உண்டு. பொருத்தவும் கழற்றவும் பாலை ஊற்றவும் மறைவு வேண்டும். பயணத்தின்போது அது பேருதவிதான். அறைக்கு மாற்று ஆகாது.

இனி பாலைக் கொண்டுவருவது. எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாளும், உறைந்த ஐஸ் பேக் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரமும் தாங்கும். நம் ஊர் வெக்கையில் அறை வெப்பக் கணக்கை நம்ப வேண்டாம். எடுத்தவுடன் குளிரில் வையுங்கள். அலுவலகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைத்தால் வெப்பம் ஏறி இறங்காது. நான் புட்டிகளை ஒளிபுகாத டப்பாவுக்குள் வைத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டிவிடுவேன். சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே யாரும் அதைத் தொட்டதில்லை. பம்பின் பாகங்களை மூன்று தொகுதியாகக் கொண்டுபோய், பயன்படுத்தியதைத் தனிப்பையில் போட்டு, வீட்டுக்கு வந்து மொத்தமாகக் கழுவிக் கொதிநீரில் போட்டேன். குழம்புத் தட்டு கிடக்கும் பேன்ட்ரித் தொட்டியில் கழுவ மனம் வரவில்லை.

உங்கள் வீடு பொங்கோல் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். இரண்டு ஐஸ் பேக்குக்கு நடுவே புட்டிகளை நிறுத்தி வைத்தால் வீடு சேரும்போதும் சில்லென்றே இருக்கும். அந்த ஐஸ் பேக்குகளைக் காலையில் அலுவலகம் போனவுடன் உறைபெட்டியில் வைக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்த ஒரு நாளில் கீழேயிருந்த கடையில் ஐஸ் கட்டி வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தேன். பால் கெடவில்லை.