நாசோவை யாரும் விற்கவில்லை

கேள்வி: பஹாமாஸ் நாட்டின் நாசோ துறைமுகம் அரசு கையில் இருந்தவரை அழுது வடிந்தது. தனியார் வந்ததும் கப்பல் மேல் கப்பல். சொகுசுக் கப்பல் துறைமுகங்களை மொத்தமாகத் தனியாருக்கு விற்றுவிட்டால் என்ன? (ஒரு வாசகர், காரைக்கால்)

பதில்: நாசோவை யாரும் விற்கவில்லை ஐயா. 2019இல் கையெழுத்தானது 25 ஆண்டு ஒப்பந்தம். நிலம் அரசுடையதே. நடத்தும் நிறுவனத்தில், பல நாடுகளில் சொகுசுக் கப்பல் துறைமுகங்களை நடத்தும் குளோபல் போர்ட்ஸ் ஹோல்டிங்குக்கு 49 விழுக்காடு, உள்ளூர்க்காரர்கள் பணம் போட்ட முதலீட்டு நிதிக்கு 49, மீதி 2 ஓர் அறக்கட்டளைக்கு. இதில் எது 'தனியார்' என்று நீங்களே சொல்லுங்கள்.

தனியாருக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். கொரோனாவில் கப்பலே வராத 2020இல் 8 விழுக்காடு வட்டிக்கு, 2040இல் முதிரும் கடன் பத்திரம் விற்று, கிட்டத்தட்ட 30 கோடி டாலர் வேலையை 2023 மே மாதம் முடித்துத் திறந்தார்கள். அந்த ஆண்டில் அரசு கஜானாவிலிருந்து இதற்குப் பணம் எடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த 8 விழுக்காடு வானத்திலிருந்து விழாது. கப்பல் கம்பெனி கட்டும் தலைக்கட்டணத்திலும் முனையத்துக் கடை வாடகையிலும்தான் அது வசூலாக வேண்டும்.

கூட்டத்துக்கு வேறு காரணமும் உண்டு. 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளேற்றி அங்கேயே திரும்பி வந்து இறக்குவதானால், நடுவில் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். மயாமியில் மாலை கிளம்பினால் காலையில் நாசோ. மூன்று நாள், நான்கு நாள் பயணத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. யார் நடத்தினாலும் கப்பல் வரும். எத்தனை வரும், எவ்வளவு பெரியது வரும் என்பதில்தான் நிர்வாகத்தின் கை தெரியும். ராயல் கரீபியன் கம்பெனியின் ராட்சத ஒயாசிஸ் வகைக் கப்பலின் நீளம் சுமார் 362 மீட்டர். அதைக் கட்டி நிறுத்தப் போதிய பெர்த் (கப்பல் நிற்கும் இடம்) இல்லையென்றால் சட்டம் இருந்தும் பயனில்லை.

தனியாரிலும் இரண்டு ஜாதி. துறைமுகத்தை மட்டும் நடத்துபவருக்கு எந்தக் கம்பெனியின் கப்பல் வந்தாலும் லாபம். கப்பல் கம்பெனியே கரையைப் பிடித்தால் கதை வேறு. அதே பஹாமாஸில் ராயல் கரீபியனுக்குக் கோகோகே தீவு, கார்னிவலுக்கு 2025இல் திறந்த செலிபிரேஷன் கீ. அங்கே பயணி குடிக்கும் இளநீர்க் காசும் கப்பல்காரர் கல்லாவுக்கே. நாசோவின் உண்மையான போட்டி இவைதான், அரசு அலுவலகம் இல்லை.

விற்றால் என்ன ஆகும் என்பதற்குப் புளோரிடாவின் கீ வெஸ்ட் இருக்கிறது. 1,300 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் கூடாது, நாளொன்றுக்கு 1,500 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று 2020 நவம்பரில் ஊர் மக்கள் வாக்களித்தார்கள். மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அதைச் செல்லாததாக்கியது. நகராட்சி விடவில்லை, தன் பொறுப்பில் இருந்த இரண்டு கப்பல் மேடைகளையும் பெரிய கப்பல்களுக்கு மூடியது. மூன்றாவதான பியர் பி தனியார் சொத்து. அதைத் தொட முடியவில்லை. பெரிய கப்பல் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. விற்ற பெர்த்துக்கு வாக்குச்சீட்டு செல்லுபடியாகாது.

ஆகவே ஒப்பந்தத்தைப் புரட்டும்போது பங்கு விழுக்காட்டில் கண்ணை வைக்காதீர்கள். பெர்த்தை ஒதுக்குவது யார் என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை பயணிகள் என்று உறுதி கொடுக்கும் கம்பெனிக்கு முன்னுரிமைப் பெர்த் தருவது வழக்கம். அந்த எண்ணிக்கை குறைந்தால் முன்னுரிமையும் போகும் என்ற வரி இல்லாவிட்டால், சனி ஞாயிறெல்லாம் ஒரே கம்பெனி பிடித்துக்கொண்டு, பாதி நாள் காலியாக வைத்திருக்கும். வாயிலுக்கு வெளியே யார் பொறுப்பு என்பது அடுத்தது. ஹாங்காங்கின் காய் டாக் முனையத்தை அரசு கட்டியது, தனியார் கூட்டமைப்பு நடத்தியது. 2023 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான பயணிகள் டாக்ஸி கிடைக்காமல் வரிசையில் நின்றார்கள்.

எல்லோரும் மறப்பது ஒப்பந்தத்தின் கடைசி ஐந்து ஆண்டுகளை. திருப்பிக் கொடுக்கப்போகும் மேடைக்கு எவரும் செலவு செய்வதில்லை. உப்புநீரில் இரும்புத் தூண் அரிக்கும், கப்பல் உரசும் ரப்பர் தாங்கிகள் கிழியும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்றே இருக்கும். முக்குளிப்பவரை இறக்கித் தூண்களைச் சோதித்து, பழுதுக்கான வைப்புத்தொகையை முன்கூட்டியே பிடித்து வைக்க அரசுக்கு உரிமை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் 25 ஆண்டு கழித்து அரசுக்குத் திரும்பி வருவது துறைமுகம் அல்ல, மராமத்துச் செலவு.