பக்கத்து வீட்டுக்காரர் வான்கோழி வேட்டைக்குக் கூப்பிட்டால்

தம்பி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மாடிசனுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்றும், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏப்ரலில் வான்கோழி வேட்டைக்கு அழைக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பறவைகளுக்குக் கூடு செய்து கொடுக்கிற அதே மனிதர் பறவையைச் சுடவும் செய்கிறாரே, இது என்ன கணக்கு, எச்1பி வேலை விசாவில் சிக்கல் வருமா என்பது உங்கள் கேள்வி.

விசாவை முதலில் முடித்துவிடுவோம். எச்1பியில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைப் பொதுவாக அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. இருந்தாலும் முதல் வருடம் சும்மா கூடப் போய் உட்காருங்கள். துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம். ஆசை பிடித்துக்கொண்டால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு மேலே போகலாம்.

சரி, அந்தக் கணக்குக்கு வருகிறேன். ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் ஆரம்பத்தில் இது உறுத்தியது. ஆனால் விஸ்கான்சினில் 1880களிலேயே காட்டு வான்கோழி அற்றுப்போய்விட்டது. காட்டை வெட்டினார்கள், கணக்கில்லாமல் சுட்டார்கள். பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டவை பிழைக்கவில்லை. 1976இல் மிசோரி மாநிலத்திலிருந்து நிஜமான காட்டுப் பறவைகளைப் பிடித்து வந்து இங்கே வெர்னான் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) விட்ட பிறகுதான் பெருகின. பதிலுக்கு விஸ்கான்சின் கொடுத்தது ரஃப்டு க்ரௌஸ் என்ற காட்டுக்கோழி வகையை. 1983இல் மறுபடி வசந்தகால வேட்டை தொடங்கியது. இதுபோன்ற வேலைகளுக்கான பணத்தில் பெரும்பங்கு லைசென்ஸ் கட்டணத்திலிருந்தும், 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது விதிக்கும் வரியிலிருந்தும் வருகிறது. நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சிறுவயதிலிருந்தே பறவை வேட்டைக்காரர். பிப்ரவரியில் சதுப்பு நிலம் உறைந்து கிடக்கும்போது பனிக்கட்டிமேல் நடந்து போய் மரவாத்துகள் முட்டையிட வைத்திருக்கும் கூட்டுப் பெட்டிகளைத் திறப்பார். பழைய முட்டை ஓடுகளை வழித்தெடுத்து, புது மரச்சீவலைக் கொட்டி, கீலைச் சரிபார்த்து மூடுவார். சம்பளம் கிடையாது. ஏப்ரலில் விடியற்காலைக் கொக்குக் கணக்கெடுப்புக்குப் போவார். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் பாடமும் நடத்துவார். அங்கே பாடம் நடத்துபவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். அவரைப் பார்த்த பிறகு அந்த உறுத்தல் எனக்குப் போய்விட்டது. உங்களுக்குப் போகாவிட்டாலும் தப்பில்லை. கூட்டுப் பெட்டி வேலைக்கு மட்டும் வருகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்லுங்கள், சந்தோஷமாகக் கூட்டிப்போவார்.

வேட்டைக்கே போவதென்றால் இருட்டோடு கிளம்பவேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் இருக்கக்கூடாது, கைக்குட்டைகூட. ஆண் வான்கோழியின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். புதருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான். பெரியவர் ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியில் சாக்கட்டி தடவி மெதுவாகத் தேய்ப்பார். அசல் பெட்டைக்கோழிக் குரல்! பள்ளத்துக்கு அந்தப்புறமிருந்து சேவல் பதில் சொல்லும்போது உங்களுக்கே மயிர்க்கூச்செறியும். அப்புறம் மணிக்கணக்கில் ஒன்றுமே நடக்காமலும் போகலாம். மூக்கு அரித்தாலும் கை தூக்காதீர்கள். அதன் கண் அவ்வளவு கூர்மை.

கிடைத்தால் கறியில் பங்கு தருவார், மறுக்காதீர்கள். நெஞ்சுக்கறி மிளகு வறுவலுக்கு அருமை. கால்கறி நார் நாராக இருக்கும், குக்கரில் நன்றாக விசில் விட்டால்தான் வேகும். சமைக்கும் முன் கறியை விரலால் தடவிப் பாருங்கள், சின்னச் சின்னக் குண்டுகள் உள்ளே தங்கியிருக்கும். ஈயக் குண்டாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள கறியையும் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள்.