பாதிப் பொட்டுகள் தெரியவில்லை, நான் ஃபெயிலா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 64. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்று சொன்னதால் மூன்று மாதமாகச் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் முதன்முறையாக ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் புலப் பரிசோதனை) எடுத்தார்கள். பாதி நேரம் வெளிச்சமே தெரியவில்லை. பொத்தானை அழுத்தாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். தாளில் இடது கண்ணுக்கு ‘விஎஃப்ஐ 88%’ என்று இருக்கிறது. மீதி 12 போய்விட்டதா? சீக்கிரமே மறுபடி வரச் சொல்கிறார்கள். எதையாவது மறைக்கிறார்களா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, காலமெல்லாம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு 88 மதிப்பெண்ணாகத்தான் தெரியும். ஆனால் இந்தத் தேர்வின் வினாத்தாளே பாதிக்கு மேல் எழுத முடியாதபடி தயாரிக்கப்பட்டது.

வெள்ளைக் கிண்ணத்துக்குள் ஓரிடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் வருகிறது; ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். நீங்கள் அழுத்தினால், அதே இடத்தில் அடுத்த முறை இன்னும் மங்கலாக வரும். அழுத்தாவிட்டால் பிரகாசம் கூடும். ‘தெரிந்ததா, தெரிந்தது போல் இருந்ததா’ என்று நீங்கள் குழம்பும் அந்த விளிம்பைப் பிடிப்பதுதான் இயந்திரத்தின் வேலை. ‘24-2’ என்ற வழக்கமான முறையில் இப்படி 54 இடங்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாத இளைஞருக்கும் ஏறக்குறைய பாதிப் பொட்டுகள் தெரியாது. பயிற்சிக் காலத்தில் ஒரு மதியம், ஆளில்லாத நேரம் பார்த்து நானே அதில் உட்கார்ந்தேன். இரண்டாவது நிமிடத்தில் வியர்த்துவிட்டது. எனக்கும் கிளாக்கோமா என்றே முடிவு கட்டிவிட்டேன்!

தெரியாதபோது அழுத்தாமல் இருந்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். என்னிடம் வரும் ஒரு முன்னாள் வங்கிக் காசாளர் இயந்திரத்தின் ‘டக் டக்’ ஒலியைக் கேட்டுக்கொண்டு, தாளம் தப்பாமல் அழுத்திக்கொண்டே போனார். டாக்டரைச் சந்தோஷப்படுத்தும் எண்ணம். மூக்குப் பக்கத்தில் அவருக்குக் குறைந்திருந்த பார்வையை அந்தத் தாள் அழகாக மூடி மறைத்தது. பொட்டு தெரிந்திருக்க முடியாத நேரத்தில் அழுத்தினால் இயந்திரம் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும்; தாளின் மேல் பகுதியில் சதவீதமாக அச்சாகும். 15-ஐத் தாண்டினால் நான் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடுவேன்.

இனி அந்த 88. விஎஃப்ஐ என்றால் பார்வைப் புலக் குறியீட்டெண். உங்கள் வயதில் இருக்க வேண்டிய முழுப் பார்வைப் புலம்தான் 100. நடுப்பகுதிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுவார்கள். 12 உண்மையாகவே போயிருக்கலாம். போனது திரும்பாது, மருந்து மிச்சத்தைக் காப்பாற்றவே. ஆனால் முதல் முறை கை பழகாததாலும் எண் இறங்கும். மேல் இமை தொங்கினால் தாளில் மேல் பகுதி கறுத்துவிடும். கண்ணுக்கு முன்னால் மாட்டும் லென்ஸிலிருந்து முகம் பின்வாங்கினால் ஓரம் கறுக்கும். ஒரே தாளை வைத்துக்கொண்டு இதில் எது என்று சொல்ல என்னாலும் முடியாது. அதனால்தான் மறுபடி கூப்பிடுகிறார்கள். புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு முதல் 2 ஆண்டுகளில் 6 முறை எடுக்கலாம் என்றுகூட ஐரோப்பிய வழிகாட்டுதல் உண்டு.

அடுத்த முறை போகும்போது காலைச் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் மருந்தை டெஸ்டுக்கு முன்பே போட வந்தால், ‘ஃபீல்டு இன்னும் முடியவில்லை’ என்று சொல்லுங்கள். தாடையை வைத்ததும் கழுத்து இழுத்தால் நாற்காலியை ஏற்றி இறக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். இதற்கு வெட்கப்பட்டே பலர் டெஸ்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கை விட்டுப் பார்வை நகரக் கூடாது. பொட்டைத் தேடிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்: நம் எல்லோருக்கும் மையத்திலிருந்து காதுப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி தள்ளி ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இயந்திரம் இடையிடையே அங்கே ஒரு பொட்டைக் காட்டும். அது தெரிந்துவிட்டால் கண் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். பொத்தானை அழுத்தும்போதே கண்ணைச் சிமிட்டிக்கொள்ளுங்கள். களைத்துவிட்டால் பொத்தானை அழுத்தியபடி பிடியுங்கள். விடும்வரை அடுத்த பொட்டு வராது. இதை அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 77 வயது. ஃபீல்டு டெஸ்டில் உட்கார வைத்தால் தூங்கிவிடுகிறார். இனி வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: இருட்டறை, ஒரு கண்ணில் மறைப்பு, அசையாமல் உட்கார வேண்டும். யாருக்குத்தான் தூக்கம் வராது? சுருக்கமான முறை இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஒரு கண்ணுக்கு இரண்டு, மூன்று நிமிடம் போதும். இன்று ஒரு கண், அடுத்த முறை மற்றது என்றும் பிரித்துக்கொள்ளலாம். எடுப்பவர் பக்கத்தில் நின்று ‘நல்லாப் பார்க்கிறீங்கம்மா’ என்று அவ்வப்போது பேச்சுக் கொடுத்தாலே பாதித் தூக்கம் போய்விடும். அப்படியும் முடியாவிட்டால் கண் அழுத்தம், பார்வை நரம்பின் படம், ஸ்கேன் ஆகியவற்றை வைத்து டாக்டர் சமாளிப்பார். ஆனால் அம்மாவுக்கு என்ன தெரிகிறது என்பதை ஸ்கேன் சொல்லாது. ஆகவே இன்னொரு முறை முயன்று பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிக்கு நேரம் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள்.